புதுப்பிப்பு: அம்பாசமுத்திரம் வீட்டுக்கு மெத்தை வாங்கியாயிற்று

துபாயில் இருந்துகொண்டு, ஊரில் இருக்கும் பெற்றோருக்கு 12,000 ரூபாய்க்குள் நல்ல மெத்தை வாங்குவது எப்படி என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். இலவம்பஞ்சு, ரப்பர் பால் தெளித்த தென்னைநார், ஃபோம் என ஆளுக்கொன்றைச் சொன்னீர்கள். கடைசியில் மேலே மெல்லிய ஃபோம் அடுக்கு வைத்த தென்னைநார் மெத்தையை வாங்கினோம்.

அப்பாவின் விருப்பம் இலவம்பஞ்சுதான். ஆனால் அது நாளடைவில் கட்டிதட்டும். அடிக்கடி வெயிலில் போட்டு எடுப்பதற்கும், பஞ்சைப் பிரித்து அடித்து மறுபடி தைப்பதற்கும் வீட்டில் ஆள் இல்லை.

எனக்காகக் கடைக்குப் போன பாளையங்கோட்டை அத்தானிடம், உறையின் ஜிப்பைத் திறந்து வீடியோவில் காட்டும்படி கேட்டுக்கொண்டேன். விலை குறைந்த ஒரு மெத்தைக்குள் பல நிறத் துணுக்குகளை ஒட்டி அழுத்திய ஃபோம் இருந்தது. ரீபாண்டட் எனப்படும் அது அடி அடுக்காக நன்றாகவே தாங்கும் என்றாலும், புது ஃபோமின் விலையை அதற்குக் கொடுக்க வேண்டியதில்லை. ஃபோம் வாங்குவோர் கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்ற அடர்த்தியைக் கேட்டு, அதைப் பில்லிலும் எழுதி வாங்குவது நல்லது. முதுகுக்கு நல்லது என்று சொல்லி ஒட்டும் 'ஆர்த்தோ' முத்திரைக்காக மட்டும் கூடுதலாகக் கேட்ட தொகையை அத்தான் கொடுக்க மறுத்துவிட்டார், சரிதான்.

எங்களுடையது தச்சர் செய்த பழைய தேக்குக் கட்டில் என்பதால், கடையில் இருந்த எந்த அளவும் பொருந்தவில்லை. சட்டத்தின் உட்புறத்தை இரு முனைகளிலும் அளந்து, குறைந்த அளவுக்கே வெட்டச் சொன்னோம். இப்படி வெட்டியதைக் கடைக்காரர் திரும்ப எடுப்பதில்லை என்பதால், அளவை அம்மாவைக்கொண்டு மறுபடி சரிபார்த்த பிறகே முன்பணம் அனுப்பினேன்.