பெரு + கலாபகஸ் தீவுகள் (ஈக்வடார்), அக்டோபர்: திட்டத்தைச் சரிபார்க்க உதவி தேவை

வழிகாட்டியோடு இருவர் போகிறோம், அம்மாவுக்கு 64 வயது. பெருவின் கூஸ்கோ நகரம் 3,400 மீட்டர் உயரம். இறங்கியதும் உயரத்தால் தலைவலி, வாந்தி வரலாம். அதனால் விமான நிலையத்திலிருந்து நேரே தாழ்வான ஒயந்தைதாம்போ ஊர், 2 இரவு. பிறகு ரயிலில் பழைய இன்கா நகரமான மாச்சு பிச்சு (2,430 மீட்டர்), கடைசியில்தான் கூஸ்கோ. சரிதானே? மாச்சு பிச்சுவில் நுழைவுச்சீட்டிலேயே பாதையும் நேரமும் குறித்துவிடுகிறார்கள். பின்னால் மாற்றுவது கஷ்டம். முழங்கால் வலிக்காரருக்கு எந்தப் பாதை?

கலாபகஸில்தான் குழப்பமே. எஸ்பான்யோலா தீவில் அல்பட்ராஸ் கடற்பறவை டிசம்பர் வரை இருக்கும், விடக்கூடாது. ஆனால் அக்டோபரில் கடல் முரடு. 16 பேர் செல்லும் படகிலேயே தங்குவதா, சான் கிறிஸ்டோபல் தீவில் அறை எடுத்துத் தினமும் படகில் போய்வருவதா? குமட்டல் எதில் குறைவு? பூங்காக் கட்டணம் 200 டாலரை ரொக்கமாகத்தான் வாங்குகிறார்களா? சமீபத்தில் போனவர்கள் சொல்லுங்களேன்.