சர்க்கரை போடாத கிரில் மசாலா: கட்டி தட்டுது, கசக்குது. உதவுங்க!

அவசரப்பொடி: சர்க்கரையை விட்டுட்டு கிரில் மசாலா அரைச்சேன். ஒரே வாரத்துல பாட்டிலுக்குள்ள இறுகிப் போச்சு, ஸ்பூன் உள்ளே இறங்கவே மாட்டேங்குது. போதாக்குறைக்கு அடிநாக்குல கசப்பு வேற. அளவெல்லாம் வழக்கமானதுதான். சீக்கிரம் சொல்லுங்க.

சல்லடை: வழக்கமானதுன்னா என்னங்க? என்னென்ன, எத்தனை ஸ்பூன்? சர்க்கரைக்குப் பதிலா ஏதாவது போட்டீங்களா? வறுத்தீங்களா? பாட்டில் எங்கே இருக்கு?

காரமிளகு: பூண்டுப் பொடி, வெங்காயப் பொடி. வேற காரணமே தேட வேண்டாம். ரெண்டும் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துப் பசையாயிடும். சேர்த்துக் கால் பங்குக்கு மேல போகக் கூடாது. இல்லன்னா தனி டப்பாவுல வச்சு, தடவுற நேரத்துல கலந்துக்கோங்க.

அம்மிக்கல்: இதைப் பலமுறை விளக்கியாச்சு, தேடிப் படிச்சிட்டுக் கேட்கணும். அளவு சொல்லாம மசாலா பத்திக் கேட்டா யாரு என்ன சொல்ல முடியும்? அடிப்படையைச் சொல்றேன், கவனமாப் படிங்க. சீரகத்தையும் மிளகையும் வெறும் வாணலியில, சிறு தீயில, வாசம் கிளம்புற வரைக்கும்தான் வறுக்கணும். கறுத்தா கசக்கும். தட்டுல பரப்பி முழுசா ஆறின பிறகே அரைக்கணும். மிக்ஸி ஜாரும் சூடாகும், அதனால அரைச்ச பொடியையும் ஆறவிட்டுத்தான் மூடணும். சூட்டோட மூடினா மூடி வேர்த்து, அந்தத் தண்ணி பொடியிலதான் இறங்கும்.

அவசரப்பொடி: பாப்ரிகா (காரம் குறைஞ்ச சிவப்பு மிளகாய்ப் பொடி) 4 ஸ்பூன், பூண்டு 3, வெங்காயம் 3, சீரகம் 1, மிளகு 1, உப்பு 2. அப்புறம் சர்க்கரைக்குப் பதிலா ஸ்டீவியா இலைத் தூள் மாதிரி வர்ற இனிப்பு, அரை ஸ்பூன்.

சல்லடை: ஸ்டீவியாவை முதல்லயே சொல்லியிருக்கலாமே! வேற எதுவும் கலக்காத தூள்னா சர்க்கரையைவிட 200 முதல் 300 மடங்கு இனிப்பு. 14 ஸ்பூன் கலவைக்கு ஒரு சிட்டிகையே தாராளம், கூடினா கசப்புதான். அதுவும் வேண்டாம்னா கால் ஸ்பூன் பட்டைத்தூள், அரை ஸ்பூன் சோம்புத்தூள் போடுங்க, இனிப்பு வாசம் வந்துடும். ஸ்டீவியா பாக்கெட்ல மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்துல இருந்து எடுக்கிற, அளவைக் கூட்டச் சேர்க்கிற தூள்) இருக்கான்னு பாருங்க. இருந்தா சர்க்கரையைத் தவிர்த்ததுக்கே அர்த்தமில்ல. அது ரத்தச் சர்க்கரையை வேகமா ஏத்தும், ஈரத்தையும் இழுக்கும்.

காரமிளகு: 14-ல 6 பூண்டும் வெங்காயமும். நான் சொன்னதேதான்.

ஏலம்: அரிசி மாவை லேசா வறுத்து ஆறவச்சு, 100 கிராம் மசாலாவுக்கு 2 கிராம் கலந்து சலிச்சா கட்டி தட்டாது.

அம்மிக்கல்: சர்க்கரை வேண்டாம்னு கேட்கிறவருக்கு மாவா? மாவுச்சத்து உள்ளே போனா குளுக்கோஸ்தான்.

ஏலம்: கணக்குப் போட்டுப் பாருங்க. ஒருத்தருக்கு 3 கிராம் மசாலா போனா அதுல மாவு 0.06 கிராம். பாப்ரிகாவுலயே 100 கிராமுக்குச் சுமார் 10 கிராம் இயற்கைச் சர்க்கரை இருக்கு, அதை என்ன பண்ணுவீங்க?

அம்மிக்கல்: பாப்ரிகா மசாலாவோட உயிர், விட முடியாது. மாவு அப்படியா? நல்லா காய்ஞ்ச பொடிக்கு மாவே தேவையில்ல.

ஏலம்: காத்துல ஈரம் அதிகமா இருந்தா காய்ஞ்ச பொடியும் இறுகும். பெரிய டப்பாவை அடிக்கடி திறக்காம, வாரத்துக்கு வேண்டியதைச் சின்ன பாட்டில்ல எடுத்து வைக்கிறதும் உதவும்.

சல்லடை: மாவுச் சண்டை போதும். இறுகினதைத் தூக்கிப் போட வேண்டாம். பூஞ்சை, ஊசல் வாடை எதுவும் இல்லன்னா உடைச்சு, ஓவன்ல 50-60 டிகிரியில பரப்பி ஈரம் போகக் காயவச்சு, ஆறினதும் சலிங்க. சூடு ஏறினா பாப்ரிகா நிறம் மங்கிக் கசக்கும். கிரில்லுலயும் நேரடித் தீயில காட்டாதீங்க. ஆமா, பாட்டில் எங்கே இருக்குன்னு கேட்டேனே?

அவசரப்பொடி: அடுப்புக்கு மேல் தட்டுல. ஆவி படுற இடம்தான், கொதிக்கிற பாத்திரத்து மேலயேதான் பாட்டிலைச் சாய்ச்சுப் போடுவேன். ஸ்டீவியா தனித்தூள். அது இல்லாம கொஞ்சம் அரைச்சேன், கசப்பு போச்சு. கட்டி தட்டுதான்னு பார்த்துட்டுச் சொல்றேன். நன்றிங்க.

காரமிளகு: பூண்டைக் குறைச்சீங்களா?