போலீஸ் கை காட்டினால்: மரியாதையா, பயமா?

கோவை_டு_சாண்டன்:
தென்னாப்பிரிக்கத் தமிழர்களான நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு அறிவுரை திரும்பத் திரும்பச் சுற்றுகிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். ரோட்டில் போலீஸ் நிறுத்தினால் கண்ணாடியை முழுக்க இறக்கு, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வை, சிரித்த முகமாக இரு, சொன்னதைச் செய், எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதே. எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை.

இந்த ஊரில் இந்திய முகத்தைப் பார்த்தாலே சில அதிகாரிகள் ஒரு கணக்குப் போடுகிறார்கள். இவன் சண்டைக்கு வரமாட்டான், வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இருப்பான், பர்ஸில் காசு இருக்கும். அந்தக் கணக்கைச் சரியாக்கிக் கொடுப்பதே நம் பணிவுதான். அண்மையில் ஒருவர் என்னை நிறுத்தினார் (எந்தத் துறை, எந்த இடம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம்). என் தமிழ்நாட்டு லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது இங்கே செல்லாது என்றார். ஆங்கிலத்தில் அச்சடித்து, போட்டோவும் கையெழுத்தும் உள்ள கார்டு அது. அப்புறம் வெயில் ஜாஸ்தி என்றார். அப்புறம் தொண்டை காய்கிறது என்றார். கோல்ட் டிரிங்க் (லஞ்சத்துக்கு இங்கே அதுதான் பெயர்) என்ற வார்த்தை வருவதற்கு முன்னாலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. குரலை உயர்த்தி, உங்கள் நியமன அட்டையைக் காட்டுங்கள் என்றேன், போன் கேமராவையும் ஓடவிட்டேன். முக்கால் மணி நேரம் நிற்க வைத்தார். ஆனால் ஒரு ராண்ட் கூட நான் கொடுக்கவில்லை. பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஐந்நூறு போயிருக்கும். மறுப்பவர்கள் சொல்லுங்கள், கேட்கிறேன்.

லெனேசியா_குமாஸ்தா:
மறுக்கிறேன். வக்கீல் ஆபீஸில் இந்தக் கேஸ்களைத் தினமும் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நியமன அட்டையைக் கேட்பது உங்கள் உரிமை, கேட்டால் அவர் காட்டியாக வேண்டும். லைசென்ஸ் விஷயத்திலும் நீங்கள் சொல்வது சரி. நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்றில் இருந்து, போட்டோவும் கையெழுத்தும் இருந்தால் வெளிநாட்டு லைசென்ஸை ஏற்கத்தான் வேண்டும். நிரந்தர வசிப்புரிமை வாங்கிய பிறகுதான் மாற்றுகிற பேச்சு. இதெல்லாம் சரி. ஆனால் இவற்றை எந்தக் குரலில் கேட்டாலும் சட்டம் ஒன்றுதான். குரலை உயர்த்தியதால் உங்களுக்கு எந்தக் கூடுதல் உரிமையும் வந்துவிடவில்லை, முக்கால் மணி நேரம்தான் போனது.

1996-ஆம் ஆண்டு தேசிய சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி சீருடையில் இருக்கும் போக்குவரத்து அதிகாரி கை காட்டினால் நிறுத்தியே ஆகவேண்டும். பெயர், முகவரி கேட்டால் சொல்லியே ஆகவேண்டும். லைசென்ஸ் வண்டியிலேயே இருக்கவேண்டும். மூச்சுப் பரிசோதனைக்கோ ரத்தம் எடுக்கவோ மறுத்தால் அதுவே தனிக் குற்றம். இவ்வளவுதான் ரோட்டோரத்தில் நடக்கவேண்டிய காரியம், மீதிச் சண்டைக்கெல்லாம் வேறு இடம் இருக்கிறது. ஆர்டோ என்கிற, கோர்ட்டுக்குப் போகாமல் அபராதத்தைத் தீர்க்கும் முறை வராத ஊர் என்றால் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 56-ஆம் பிரிவு நோட்டீஸ் கொடுப்பார்கள். அதைக் காட்டி பிராசிக்யூட்டருக்கு எழுதினால் அபராதத்தைக் குறைக்கவும் வாய்ப்பு உண்டு, கேஸையே விலக்கிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. ஜோஹன்னஸ்பர்க்கிலும் ட்ஸ்வானேயிலும் (பிரிட்டோரியா) 2008-லிருந்து ஆர்டோ முறை. 32 நாளுக்குள் கட்டினால் பாதித் தொகை, ஒப்புக்கொள்ளவில்லை என்றால் எழுதி மறுக்கலாம். ரோட்டில் நின்று கேஸை ஜெயித்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

கோவை_டு_சாண்டன்:
அண்ணே, நீங்கள் சொல்வதெல்லாம் நோட்டீஸ் எழுதுகிற அதிகாரிக்குப் பொருந்தும். அவர் பேனாவையே எடுக்கவில்லையே! எழுதினால் அவருக்கு என்ன கிடைக்கும்? தொண்டை காய்கிறவரிடம் 56-ஆம் பிரிவைப் பேசி என்ன பண்ண?

என்3_லாரிக்காரன்:
இந்த இடத்தில்தான் நான் வரவேண்டும். டர்பன் துறைமுகத்திலிருந்து ஜோஹன்னஸ்பர்க்குக்குச் சரக்கு ஏற்றுகிறவன். மாரியன்ஹில் டோலிலிருந்து வான் ரீனன் கணவாய் வரைக்கும் என்னை நிறுத்தாத இடம் கிடையாது.

தம்பி, லஞ்சம் கேட்கிறவனுக்கு முதலீடே நேரம்தான். உன்னிடம் அவன் செலவழிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் அடுத்த வண்டி தப்பிப் போகிறது. நீ கத்தினால் அவனுக்குக் கோபம் வருகிறது. கோபம் வந்தவன் நேரத்தைப் பார்க்கமாட்டான், உன்னை ஒரு வழி பண்ணிவிட்டுத்தான் விடுவான். நான் செய்வது இதுதான். ஓரங்கட்டி என்ஜினை அணைப்பேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி டேஷ்போர்டில் வைப்பேன், கண் தெரியவேண்டும். 'சாவுபோனா' என்று ஒரு வணக்கம். லைசென்ஸ் கார்டு உறையில்லாமல் கையில் தயாராக இருக்கும். அதோடு எந்தக் காகிதமும் பண நோட்டும் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது, அது ரொம்ப முக்கியம். கண்ணாடியில் ஒட்டின வண்டி லைசென்ஸ் டிஸ்க் தேதி தாண்டவில்லை என்று கிளம்பும்போதே பார்த்திருப்பேன். அவன் வெயிலைப் பற்றிப் பேசினால், 'ஆமாம் ஆஃபீசர், நல்ல வெயில்' என்பேன். தப்பு இருக்கு என்றால், 'சரி, டிக்கெட் எழுதிக் கொடுங்க' என்பேன். அப்புறம் வாயே திறக்கமாட்டேன். அவன் நிற்பான், நானும் உட்கார்ந்திருப்பேன். பெரும்பாலும் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவான். சில சமயம் நிஜமாகவே டிக்கெட் எழுதுவான், அதையும் வாங்கிக்கொள்வேன்.

காசு நீட்டினால் என்ன ஆகும் தெரியுமா? 2004-ல் வந்த ஊழல் தடுப்புச் சட்டத்தில் கொடுப்பவனும் வாங்குபவனும் இரண்டு பேரும் குற்றவாளி. நான் தொழிலுக்கு வண்டி ஓட்டுகிறவன், எனக்கு ரத்தத்தில் ஆல்கஹால் அளவே 0.02, உங்களுக்கெல்லாம் 0.05. ஒரு கேஸ் விழுந்தால் பிழைப்பே போச்சு.

கேமரா விஷயத்தில் மட்டும் தம்பியோடு எனக்குச் சரிப்படாது. முகத்துக்கு நேரே போனை நீட்டினால் நல்ல அதிகாரி கூடக் கெட்டவனாகிவிடுவான்.

லெனேசியா_குமாஸ்தா:
ஒரு திருத்தம். பொது இடத்தில் பணியில் இருக்கும் அதிகாரியைப் படம் எடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. வேலையைத் தடுக்கக் கூடாது, அவ்வளவுதான். டேஷ்கேம் வைத்துக்கொள்ளுங்கள், யாருக்கும் நீட்டவேண்டாம்.

சாட்ஸ்வொர்த்_பெரியவர்:
பிள்ளைகளே, என் தமிழ் மாலைப் பள்ளியில் கற்ற தமிழ், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் குடும்பம் இந்த நாட்டில் நான்காம் தலைமுறை.

டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் செல்லும் சாலை ஃப்ரீ ஸ்டேட் வழியாகச் செல்கிறது: ஹாரிஸ்மித், வார்டன், வில்லியர்ஸ். 1891-இல் போட்ட சட்டத்தின்படி அந்த மாகாணத்தில் இந்தியர் எவரும் குடியிருக்கக் கூடாது. அது 1980-களின் நடுப்பகுதி வரை நீடித்தது. வழியில் வண்டி பழுதானாலும் அங்கே இரவு தங்குவதற்கு அச்சம். ஆகவே என் தந்தையார் டர்பனிலேயே டயர், எண்ணெய், தண்ணீர் எல்லாம் சோதிப்பார், அம்மா சோறு கட்டிக்கொள்வார். ஒருமுறை வார்டன் அருகே ஒரு வெள்ளைக்கார போலீஸ்காரர் நிறுத்தினார். அப்பா இறங்கி, தொப்பியைக் கழற்றி, இரண்டு கைகளாலும் அதை வயிற்றின் மேல் பிடித்துக்கொண்டு 'பாஸ்' (எஜமான்) என்று அழைத்தார். பின்சீட்டில் நாங்கள் இருந்தோம். அந்த இளைஞனுக்கு இருபத்தைந்து வயது கூட இருக்காது.

அதனால் பணிவாக இரு என்று எவராவது சொன்னால் எனக்கும் உடம்பு எரியும். அந்த வகையில் கோவைத் தம்பியின் பக்கம்தான் நான். நான் இன்றுவரை ரோட்டில் யாரையும் 'சார்' என்று அழைப்பதில்லை. ஆஃபீசர் என்பது போதும், அது பதவியின் பெயர், அடிமைப் பேச்சு இல்லை.

ஆனால் தம்பியிடம் ஒன்று கேட்கவேண்டும். இப்போது நிறுத்துகிற அதிகாரி பெரும்பாலும் கறுப்பினத்தவர். நம் ஆட்களில் சிலர் அவரிடம் பேசுகிற தொனி, வீட்டு வேலைக்காரரிடம் பேசுகிற தொனி. அதை உரிமைக் குரல் என்று சொல்லிக்கொள்கிறார்கள். வெள்ளைக்கார அதிகாரி நிறுத்தியிருந்தால் குரல் அதே அளவு உயர்ந்திருக்குமா?

கோவை_டு_சாண்டன்:
ஐயா, வயதுக்கு மரியாதை கொடுத்துச் சொல்கிறேன், இந்தப் பழியை என் தலையில் கட்டாதீர்கள். 2019-ல் வந்தவன் நான். எனக்கு இங்கே வேலைக்காரரும் இல்லை, வீடும் இல்லை, வாடகை ஃபிளாட். யார் நிறுத்தியிருந்தாலும் அதேதான் பேசியிருப்பேன். உங்களுக்கு இது சொந்த நாடு, நீங்கள் அமைதியாக இருக்கலாம். எனக்கு லைசென்ஸுக்கு அடுத்த கேள்வியே பாஸ்போர்ட் எங்கே என்பதுதான். அமைதியாக இருந்தால் பயந்துவிட்டான் என்று நினைத்து இன்னொரு கேள்வி வரும்.

லெனேசியா_குமாஸ்தா:
பாஸ்போர்ட் கேள்விக்கு மட்டும் பதில். 2002-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் 41-ஆம் பிரிவில், போலீஸும் குடிவரவு அதிகாரியும் கேட்டால் நீங்கள் யார், எந்த அனுமதியில் இருக்கிறீர்கள் என்று காட்டவேண்டும். சான்றளித்த நகல் ஒன்றை வண்டியில் வைத்துவிடுங்கள். அப்புறம் அந்தக் கேள்விக்குப் பயப்பட என்ன இருக்கிறது?

பீனிக்ஸ்_டீச்சர்:
இவ்வளவு நேரம் பேசினீர்களே, ஒருவர் கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. நிறுத்தச் சொன்னவன் நிஜமாகவே போலீஸ்தானா?

ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் என்-2 நெடுஞ்சாலையில் தனியாக வருகிற பெண் நான். பின்னால் எழுத்தோ சின்னமோ இல்லாத ஒரு கார், டேஷ்போர்டில் நீல விளக்கு. அது போலீஸாகவும் இருக்கலாம், நீல விளக்கு வைத்து வண்டி பறிக்கிற கும்பலாகவும் இருக்கலாம். அங்கே போய்க் கண்ணாடியை முழுக்க இறக்கிச் சிரித்த முகமாக இருக்கச் சொல்கிறது உங்கள் வாட்ஸ்அப். ஆண்கள் எழுதின அறிவுரை என்று பார்த்தாலே தெரிகிறது!

போலீஸ் தரப்பிலேயே சொல்லிக்கொடுத்த முறை ஒன்று இருக்கிறது. வேகத்தைக் குறை, ஹசார்ட் விளக்கைப் போடு, கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி 'என் பின்னால் வா' என்று காட்டு, மெதுவாகப் பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்கோ வெளிச்சமும் ஆளும் இருக்கிற பெட்ரோல் பங்குக்கோ போய் நிறுத்து. போகும்போதே ஸ்பீக்கரில் போலீஸ் அவசர எண் 10111. நான் அப்படிச் செய்திருக்கிறேன். டோங்காட் பங்கில் நிறுத்தினேன், பின்னால் வந்தவர்கள் நிஜப் போலீஸ்தான். கண்ணாடியை இரண்டு விரல் அளவு மட்டும் இறக்கி, 'மன்னிக்கவும், வண்டியில் அடையாளம் இல்லை, அதனால் இங்கே வந்தேன்' என்றேன். அதில் பெரியவராக இருந்தவர் நல்லதுதானம்மா செய்தாய் என்றார். கூட இருந்த பையன் முறைத்தான். முறைக்கட்டும்.

என்3_லாரிக்காரன்:
அக்கா, நீங்கள் செய்தது சரி. ஆனால் இதையே சாக்காக வைத்து, பட்டப்பகலில் கூம்பு வைத்து ஆறு சீருடை நிற்கிற ரோட்பிளாக்கைத் தாண்டி ஓடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். கேட்டால் பயந்துவிட்டேன் என்பார்கள். போன கிறிஸ்துமஸ் சமயம் எனக்கு முன்னால் ஒரு பக்கி (பிக்கப் வண்டி) அப்படித்தான் போனது, ரோபோவில் (டிராஃபிக் சிக்னலில்) மாட்டிக்கொண்டது.

பீனிக்ஸ்_டீச்சர்:
ஹசார்ட் போட்டு நாற்பதில் போகிறவளுக்கும் ஓடுகிறவனுக்கும் வித்தியாசம் தெரியாத போலீஸா? அந்த பக்கிக்காரர் குடித்திருப்பார், விடுங்கள்.

லெனேசியா_குமாஸ்தா:
ரோட்பிளாக் பேச்சு வந்ததால் ஒன்று. போலீஸ் ரோட்பிளாக்கில் வண்டியைச் சோதனை போட, போலீஸ் சட்டம் 13(8) பிரிவில் பொதுவாகக் கமிஷனரின் எழுத்துப்பூர்வ அனுமதி இருக்கவேண்டும். அதன் நகலைக் கேட்டால் காட்டவேண்டும். மற்ற இடத்தில் டிக்கியைத் திற என்றால், உங்கள் சம்மதம் வேண்டும் அல்லது சந்தேகப்பட நியாயமான காரணம் வேண்டும். இதைக் கேட்டதும் கோவைத் தம்பி சட்டையை மடித்துவிடுவார் என்று தெரியும். அதனால் நான் கட்சிக்காரர்களுக்குச் சொல்கிற வாக்கியத்தையே தருகிறேன்: 'நான் சம்மதிக்கவில்லை, ஆனால் தடுக்கவும் மாட்டேன்.' அதைச் சொல்லிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். பின்னாடி கோர்ட்டில் அந்த முதல் பாதி வேலை செய்யும். அன்று ராத்திரி நீங்கள் வீட்டுக்குப் போக இரண்டாம் பாதி.

சாட்ஸ்வொர்த்_பெரியவர்:
இந்த வாக்கியம் அப்பா காலத்தில் கிடைத்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன். சொன்னாலும் அப்போது பயன் இருந்திருக்காது, அது வேறு விஷயம். கோவைத் தம்பி, நான் கேட்டது உங்களைப் புண்படுத்தியிருந்தால் வருந்துகிறேன். கேள்வியை மட்டும் திரும்பப் பெறவில்லை. அது உங்களுக்கு இல்லையென்றாலும் எங்கள் பக்கத்தில் பலருக்கு உண்டு.

கோவை_டு_சாண்டன்:
சரி ஐயா. ஆனால் நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. லாரி அண்ணன் சொன்ன மாதிரி டிக்கெட் எழுதுங்க என்று சொல்லிவிட்டு வாயை மூடுவது, நன்றாகத்தான் இருக்கிறது, செய்து பார்க்கிறேன். ஆனால் அப்படி எல்லாரும் சத்தமில்லாமல் தப்பித்துக்கொண்டே இருந்தால் அந்த ஆள் நாளைக்கும் அதே இடத்தில்தானே நிற்பார்? யாராவது சத்தம் போட்டால்தானே ஒழியும்?

என்3_லாரிக்காரன்:
சத்தம் போட்டு ஒழிந்ததா? நாளைக்கும் அங்கேதான் நிற்பான். போகவேண்டியது புகார். நகர போலீஸ் என்றால் ஐபிட் (போலீஸ் மீதான புகாரை விசாரிக்கிற தனி அமைப்பு) வரைக்கும் கொண்டு போகலாம், அதற்குப் பேட்ஜில் இருக்கிற பெயர், அவங்க வண்டி நம்பர், நேரம் மூன்றும் வேண்டும். நீ கத்திக்கொண்டிருந்தால் பேட்ஜை எப்படிப் படிப்பாய்?

கோவை_டு_சாண்டன்:
படித்துவிட்டுத்தான் கத்தினேன்.

லெனேசியா_குமாஸ்தா:
அப்படியா! பெயர், நேரம், வண்டி நம்பர் மூன்றையும் தனிச்செய்தியில் அனுப்புங்கள், இங்கே போடவேண்டாம். கேமராவில் எடுத்ததை அழித்துவிடாதீர்கள். திங்கட்கிழமைக்குள் பிரமாணப் பத்திரம் எழுதித் தருகிறேன், நீங்கள் போலீஸ் நிலையத்தில் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டால் போதும். அங்கே மட்டும் கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள், தம்பி.