ஹோட்டலுக்கு மட்டும் பாயிண்ட் ஏறாதது ஏன்?

கேள்வி: ஒரே பயணத் தளத்தில் டிக்கெட்டும் ஹோட்டலும் புக் செய்து, விமான நிறுவனம், ஹோட்டல் இரண்டின் பாயிண்ட் திட்ட உறுப்பினர் எண்ணையும் கொடுத்தும் விமானத்துக்கு மட்டும்தான் பாயிண்ட் ஏறுகிறது. ஏன்?

பதில் 1: ஹோட்டல் பார்ப்பது 'ரேட் கோட்' என்ற குறியீட்டை; அறை எந்த வழியாக, எந்த வகைக் கட்டணத்தில் விற்றது என்பதை அது காட்டும். வெளித்தளத்துக்குக் கமிஷன் போய்விடுவதால் மாரியட், ஹில்டன் போன்றவை அந்த அறையைப் பொதுவாகத் தகுதியான புக்கிங்காக எடுப்பதில்லை. செக்-இன்னில் எண்ணைச் சொன்னாலும் பாயிண்ட் வராது.

பதில் 2: விமானத்தில் எங்கே வாங்கினோம் என்பதைவிட டிக்கெட்டில் உள்ள புக்கிங் கிளாஸ் எழுத்துதான் (கட்டண வகையைக் குறிக்கும் ஆங்கில எழுத்து) முக்கியம். இருக்கை அதே எகானமிதான். ஆனால் உங்கள் திட்டத்தின் கூட்டாளி நிறுவன விமானத்தில், பறந்த தூரத்துக்கான பாயிண்டில் ஒரு எழுத்துக்கு 100%, இன்னொன்றுக்கு 25%, மிக மலிவானதற்கு ஒன்றுமே இல்லை என்றுகூட இருக்கும். பணம் கட்டும் முன்பே அந்த எழுத்தைப் பாருங்கள். கட்டணத்தை வைத்துக் கணக்கிடும் திட்டங்களில் அரசு வரிக்குப் பாயிண்ட் கிடையாது.

பதில் 3: விமானப் பாயிண்ட் விடுபட்டால் பிறகு கோரலாம். போர்டிங் பாஸை எறிந்துவிடாதீர்கள், இ-டிக்கெட் எண்ணும் கேட்பார்கள்.