லண்டனில் நேரலைக் கால்பந்து பார்க்க எந்தப் பப்புக்குப் போவது?

புதுவரவு கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். அலுவலக வேலையாக மூன்று மாதங்களுக்கு லண்டன் வந்து, ஹேமர்ஸ்மித் பகுதியில் தங்கியிருக்கிறேன். பதினைந்து ஆண்டுகளாகப் பிரீமியர் லீகைத் தொலைக்காட்சியில் தவறாமல் பார்த்துவரும் ஆர்சனல் ரசிகன் நான். மைதானத்துக்கு டிக்கெட் கிடைப்பது எவ்வளவு கடினம் என்பது வந்த முதல் வாரத்திலேயே புரிந்துவிட்டதால், நல்ல பப் ஒன்றில் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து பார்க்கலாம் என்று சென்ற சனிக்கிழமை கிளம்பினேன். ஆட்டம் பிற்பகல் 3 மணிக்கு. முதலில் நுழைந்த பப்பில் நான்கு திரைகள் இருந்தன. நான்கிலும், நீண்ட மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சிலர் பக்கவாட்டில் எதையோ பார்த்துக் கூச்சலிட்டுக்கொண்டிருந்தார்களே தவிர, பந்து கண்ணில் படவேயில்லை. சேனலை மாற்ற முடியுமா என்று கேட்டபோது, கவுண்டரில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே, மூன்று மணி ஆட்டம் எந்தப் பப்பிலும் வராது என்றார். அவர் சொன்னதை நம்பாமல் இன்னும் இரண்டு பப்புகள் ஏறி இறங்கினேன். அங்கும் அதே மேசை, அதே ஆட்கள்.

இது ஏன் என்று யாராவது விளக்குவீர்களா? ஆர்சனல் ரசிகர்களோடு சேர்ந்து பார்க்கவும், எந்த அணியையும் சாராத கூட்டத்தோடு அமைதியாகப் பார்க்கவும் எங்கே போகலாம்? நான் மது அருந்துவதில்லை. இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தால் முகம் சுளிப்பார்களா? அடுத்த மாதம் பன்னிரண்டு வயது மகள் வருகிறாள், அவளையும் அழைத்துச் செல்லலாமா என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஹைபரிவாசி எழுதியது:

கவுண்டர் பெண் சொன்னது சரிதான். பிரிட்டனில் சனிக்கிழமை பிற்பகல் 2:45 முதல் 5:15 வரை கால்பந்தாட்டம் எதையும் நேரலையாக ஒளிபரப்புவதில்லை என்பது நெடுநாளைய ஏற்பாடு. 1960களில் பர்ன்லி அணியின் நிர்வாகத் தலைவராக இருந்த பாப் லார்ட், பெரிய அணிகளின் ஆட்டம் வீட்டுத் திரையில் வந்துவிட்டால் சிறிய அணிகளின் மைதானங்களில் ஈ ஓட்ட வேண்டியதுதான் என்று வாதாடி மற்ற அணிகளையும் இணங்கவைத்தார். இப்போது ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூயெஃபாவின் விதிகளில் 48ஆம் பிரிவு அதற்கு இடமளிக்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் மைதானங்கள் பூட்டிக்கிடந்தபோது மட்டும் இதைத் தளர்த்தினார்கள். ஆண்டுக்கு 380 பிரீமியர் லீக் ஆட்டங்கள் நடக்கின்றன. 2025-26 பருவத்தில் தொடங்கிய ஒப்பந்தத்தின்படி ஸ்கை ஸ்போர்ட்ஸ் குறைந்தது 215 ஆட்டங்களையும், டிஎன்டி ஸ்போர்ட்ஸ் 52 ஆட்டங்களையும் காட்டுகின்றன. எஞ்சியவை பெரும்பாலும் அந்தச் சனிக்கிழமை மூன்று மணி ஆட்டங்கள். வெளிநாட்டில் இருப்பவர் பார்க்கும் ஆட்டத்தை, மைதானத்துக்கு நாலு தெரு தள்ளிக் குடியிருக்கும் நான் பார்க்க முடியாது என்பது எனக்கும் ஆற்றாமைதான்.

நீங்கள் திரையில் கண்ட அந்த மேசைக்காரர்கள் ஸ்கையின் சனிக்கிழமை நிகழ்ச்சியைச் சேர்ந்த முன்னாள் வீரர்கள். நமக்குக் காட்டக்கூடாத ஆட்டங்களைத் தங்கள் முன்னால் இருக்கும் சிறு திரைகளில் அவர்கள் பார்ப்பார்கள். அவர்கள் பார்ப்பதை நாம் பார்க்க வேண்டும். கேட்கக் கேலிக்கூத்தாகத் தோன்றும், ஆனால் பழகிவிட்டால் அதிலும் ஒரு சுவை உண்டு. ஒருவர் "ஐயோ" என்று நாற்காலியிலிருந்து எழும்போது, எந்த அணிக்கு என்ன ஆயிற்றோ என்று பப் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும்.

ஆகவே முதலில் கிழமையையும் நேரத்தையும் பார்த்துக்கொண்டு அதன்பிறகு பப்பைத் தேடுங்கள். சனிக்கிழமை பகல் 12:30 ஆட்டம் டிஎன்டியில் வரும், மாலை 5:30 ஆட்டமும் ஞாயிற்றுக்கிழமை 2 மணி, 4:30 மணி ஆட்டங்களும் ஸ்கையில் வரும். இரண்டு சந்தாவையும் வைத்திருக்கும் பப்புகள் குறைவு. காரணம், பப்புக்கான ஸ்கை கட்டணத்தைக் கட்டடத்தின் வரி மதிப்பைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். வீட்டுச் சந்தாவோடு ஒப்பிட முடியாத அளவுக்கு அது அதிகம். பூந்தொட்டி தொங்கும் அழகான மூலைப் பப்புகள் பலவற்றில் விளையாட்டுச் சேனலே இல்லாததற்கு அதுதான் காரணம். முறையான பப் சந்தா என்றால் திரையின் ஓரத்தில் சிறியதொரு பைண்ட் (பியர்) கோப்பைச் சின்னம் தெரியும். அது இல்லாத திரை வீட்டுச் சந்தாவில் ஓடுகிறது என்று பொருள். பாதி ஆட்டத்தில் அணைந்துபோனாலும் வியப்படையாதீர்கள்.

மூன்று மணி ஆட்டத்தையும் வெளிநாட்டுச் சேனல் வழியாகக் காட்டும் பப்புகள் இருக்கின்றன என்று யாராவது உங்கள் காதில் ஓதுவார்கள். போர்ட்ஸ்மவுத்தில் பப் நடத்திய காரன் மர்ஃபி கிரேக்கச் சேனலின் டிகோடர் அட்டை வைத்துக் காட்டி, வழக்கை ஐரோப்பிய நீதிமன்றம் வரை கொண்டுசென்றார். 2011இல் வந்த தீர்ப்பு வெளிநாட்டு அட்டைக்குத் தடை கூடாது என்றது. ஆனால் ஒளிபரப்பில் வரும் லீகின் சின்னம், தொடக்கக் காட்சி, இசை ஆகியவற்றைப் பப்பில் காட்ட உரிமையாளரின் அனுமதி வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அத்தகைய இடங்களை நம்பிப் பிற்பகலைத் திட்டமிட வேண்டாம் என்பதே என் கருத்து.

ஆஃப்சைட் எழுதியது:

இடம் பற்றி நான் சொல்கிறேன். ஆர்சனல் கூட்டம் வேண்டுமென்றால் ஹார்ன்ஸி சாலையில் உள்ள டாலிங்டன், ஃபின்ஸ்பரி பார்க் நிலையத்தருகே உள்ள ட்வெல்வ் பின்ஸ், பிளாக்ஸ்டாக் சாலையில் உள்ள கன்னர்ஸ் ஆகியவை எல்லோரும் அறிந்தவை. ஆனால் புதிதாக வருபவர்கள் ஒரு தவற்றைத் தவறாமல் செய்கிறார்கள்: ஆர்சனல் தன் சொந்த மைதானத்தில் ஆடும் நாளில் அங்கே போய் நிற்பார்கள். அன்று பப்பில் இருப்பவர்கள் கையில் டிக்கெட்டோடு ஆட்டத்துக்கு முன் ஒரு பைண்ட் அருந்த வந்தவர்கள். தொடங்கக் கால் மணி நேரம் இருக்கும்போது இடமே காலியாகிவிடும். அதற்கு முன்போ உள்ளே நுழையவே முடியாத நெரிசல், வாசல் காவலர் டிக்கெட்டைக் காட்டச் சொல்வதும் உண்டு. ஆர்சனல் வெளியூரில் ஆடும் நாளில் போங்கள். மைதானத்துக்குப் போக முடியாத உள்ளூர் ரசிகர்கள் எல்லோரும் அன்று திரைக்கு முன்னால்தான் இருப்பார்கள். பாட்டு, வசவு, புலம்பல் எல்லாம் மைதானத்தில் கேட்பதைப் போலவே கேட்கும்.

நீங்கள் இருக்கும் மேற்கு லண்டனோ செல்சி, ஃபுல்ஹாம் வட்டாரம். செல்சியின் மைதானமான ஸ்டாம்ஃபர்ட் பிரிட்ஜுக்கு எதிரே புச்சர்ஸ் ஹுக் என்றொரு பப் உண்டு. அது ரைசிங் சன் என்ற பெயரோடு இருந்தபோது, 1905 மார்ச் 10 அன்று செல்சி அணியை அங்கேதான் தொடங்கினார்கள். ஆர்சனல் ஜெர்சியைக் கழற்றி வைத்துவிட்டு ஒருமுறை போய்ப் பார்க்கத் தகுந்த இடம். பட்னி பாலத்தருகே உள்ள எய்ட் பெல்ஸ், ஃபுல்ஹாம் மைதானத்துக்கு வரும் வெளியூர் ரசிகர்களுக்கும் இடம் கொடுக்கும் பப்.

எந்தப் பக்கமும் சாராமல் பார்க்க உங்களுக்கு மிக அருகிலேயே ஓர் இடம் இருக்கிறது. ஹேமர்ஸ்மித்திலிருந்து டிஸ்ட்ரிக்ட் தடத்தில் இரண்டாவது நிறுத்தம் வெஸ்ட் கென்சிங்டன். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் ஃபேமஸ் த்ரீ கிங்ஸ் கண்ணுக்குத் தெரியும். ஒரே நேரத்தில் வெவ்வேறு நாடுகளின் ஆட்டங்கள் வெவ்வேறு திரைகளில் ஓடும். உங்களுடைய ஆட்டம் எந்த மூலையில், ஒலி எந்த ஆட்டத்துக்கு என்பதை உட்காருவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஊமைப்படமாகப் பார்ப்பது கால்பந்தில் பாதிதான். குராய்டன், வெம்ப்ளி ஆகிய இடங்களில் உள்ள, பெரிய திரை வைத்த உணவுக்கூடமான பாக்ஸ்பார்க் வேறு ரகம். இங்கிலாந்து அணி கோல் அடித்தால் கோப்பையில் இருக்கும் பியர் அத்தனையும் ஆகாயத்துக்குப் போகும். இளைஞர்களுக்கு அது திருவிழா, எனக்குச் சலவைச் செலவு.

கிழக்குக்கரை எழுதியது:

மது அருந்தாதது குறித்துத் தயங்க வேண்டாம். நான் இருபது ஆண்டுகளாக லைம் சோடாவோடுதான் ஆட்டம் பார்க்கிறேன். இப்போது மதுவற்ற பியரும் பரவலாகக் கிடைக்கிறது. குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும் என்பது இங்கிலாந்தில் மதுக்கடை உரிமத்தின் நிபந்தனையே. இருந்தாலும் திரைக்கு நேர் எதிரான மேசையைத் தண்ணீரை மட்டும் வைத்து இரண்டு மணி நேரம் பிடித்துவைப்பது மரியாதை ஆகாது. ஆட்டத்தின் ஒவ்வொரு பாதிக்கும் ஒன்று என்று ஏதாவது வாங்கிவிடுங்கள்.

மேசைக்கு யாரும் வந்து கேட்கமாட்டார்கள், நாம்தான் கவுண்டருக்குப் போக வேண்டும். அங்கே வரிசை என்று எதுவும் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் யாருக்குப் பின் யார் என்பது நிற்கும் எல்லோருக்கும் தெரியும். உங்களுக்கு முன்னே வந்தவர் நிற்கும்போது உங்களிடம் கேட்டால், அவரைக் கைகாட்டுங்கள். அந்த ஒரு செயலே உங்களை அந்தப் பப்பின் ஆளாக்கிவிடும். இடைவேளை விசில் ஊதும்வரை காத்திருக்காமல் நாற்பதாவது நிமிடத்திலேயே எழுந்துவிடுவது அனுபவசாலிகளின் வழக்கம், அந்த ஐந்து நிமிடத்தில் கோல் விழுந்துவிடும் என்பதும் அவர்களுடைய அனுபவம்தான்.

மகளைப் பொறுத்தவரை, பதினாறு வயதுக்குட்பட்டவர்கள் பெரியவர் ஒருவருடன் பப்புக்குள் வர சட்டத்தில் தடையில்லை. ஆனால் அனுமதிப்பதும் மறுப்பதும் அந்தந்தப் பப்பின் விருப்பம். மாலை குறிப்பிட்ட நேரத்துக்குமேல் பிள்ளைகளை வெளியே அனுப்பும் பப்புகள் உண்டு. ஆட்ட நாளில் பிள்ளைகளுக்கு அறவே இடமில்லை என்பவையும் உண்டு. ஞாயிறு 2 மணி ஆட்டம், சாப்பாடு பரிமாறும் பப் என்று தேர்ந்தெடுத்தால் சிக்கல் குறைவு. கிழக்கே வர விருப்பமிருந்தால் பார்கிங் (Barking) சாலையில் உள்ள போலின் டேவர்ன் பப்பை மகளுக்குக் காட்டுங்கள். வெஸ்ட் ஹாம் அணி 2016இல் அப்டன் பார்க் மைதானத்தை விட்டுப் போன பிறகு களையிழந்திருந்த அந்தக் கட்டடத்தைப் புதுப்பித்துத் திறந்திருக்கிறார்கள். ஆட்டம் முடிந்து நடந்தால் ஈஸ்ட் ஹாமில் நம் சாப்பாடும் கிடைக்கும்.

மூன்றாம்வரிசை எழுதியது:

இடம் சொன்னவர்கள் முன்பதிவைப் பற்றிச் சொல்லவில்லை. பெரிய ஆட்டம் என்றால் மேசைக்கு முன்பதிவு தேவை. சில இடங்களில் தலைக்கு இவ்வளவு செலவு செய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். ஃபான்சோ செயலியில் ஆட்டத்தின் பெயரை இட்டால் அதைக் காட்டும் பப்புகளின் பட்டியல் வரும், ஆயினும் அதை மட்டும் நம்பாமல் தொலைபேசியில் கூப்பிட்டு, திரை தெரியும் மேசைதானா என்று கேட்டுவிடுங்கள். எந்தப் பப் என்று சொல்ல மாட்டேன். நான் இரண்டு வாரங்களுக்கு முன்பே பதிவு செய்து போன இடத்தில், எனக்குத் தந்த நாற்காலிக்கும் திரைக்கும் நடுவே ஒரு தூண் நின்றது. இடப்பக்க கோல் கம்பத்தை மட்டும் தொண்ணூறு நிமிடம் பார்த்தேன்.

இன்னொன்று, இணையம் வழியாக ஓடும் திரை செயற்கைக்கோள் திரையைவிடச் சில வினாடிகள் பின்தங்கும். உங்கள் பப்பில் பந்து இன்னும் நடுக்களத்தில் இருக்கும்போதே எதிர்ப் பப்பிலிருந்து ஆரவாரம் கேட்டால், அடுத்த முறை எதிர்ப் பப்புக்குப் போங்கள்.

சனிக்கிழமை மூன்று மணிக்கோ பப்பையே விட்டுவிட்டு மகளோடு ஈஸ்ட் டல்விச்சுக்கு ரயில் ஏறுங்கள். 1893இல் தொடங்கிய டல்விச் ஹேம்லட் அணி, இளஞ்சிவப்பும் நீலமுமான உடையில் சேம்பியன் ஹில் மைதானத்தில் ஆடும். பெரிய லீகுகளில் ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் மது அருந்த 1985ஆம் ஆண்டுச் சட்டம் தடைவிதிக்கிறது. டல்விச் ஆடும் இந்தக் கீழ்மட்டத்து ஆட்டங்களுக்கு அந்தத் தடை கிடையாது என்பதால், கையில் கோப்பையோடு கோட்டோரமாக நின்று பார்ப்பார்கள். பாப் லார்ட் யாருக்காக வாதாடினாரோ அந்தச் சிறிய அணிகளை மூன்று மணி என்ற அந்த நேரத்திலேயே போய்ப் பார்ப்பது பொருத்தம்தானே.

புதுவரவு மீண்டும் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஞாயிறு 4:30 ஆட்டம் ஆர்சனலுக்கு வெளியூரில் என்பதை உறுதிசெய்துகொண்டு, ஒரு மணி நேரம் முன்னதாக ஃபின்ஸ்பரி பார்க் போய்ச் சேர்ந்தேன். மேசை கிடைக்கவில்லை, சுவரோரம் நின்று, ஜன்னல் விளிம்பில் கோப்பையை வைத்துக்கொண்டு பார்த்தேன். திரையின் ஓரத்தில் பைண்ட் சின்னம் இருந்தது. கவுண்டரில் எனக்கு முன்னே நின்ற முதியவரைக் கைகாட்டினேன். ஆட்டம் முடியும்வரை என் பக்கத்தில் நின்ற அவர், ஒவ்வொரு கார்னர் உதையின்போதும் திரையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, தான் பார்த்தால் கோல் விழாது என்றார். நாற்பதாவது நிமிடத்தில் நான் இடத்தை விட்டு நகரவில்லை. டல்விச் அட்டவணையை மகளுக்கு அனுப்பியிருக்கிறேன். இளஞ்சிவப்பு ஜெர்சி அவள் அளவில் கிடைக்குமா என்றுதான் முதலில் கேட்டிருக்கிறாள்.