உதவி தேவை: கைவிடப்பட்ட ஓடுதளத்தின் அருகே ஒரு ராணுவக் கட்டடம், காலம் 1868-ஆ அல்லது உலகப் போர்க் காலமா?

காட்டுக்கொல்லை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பழைய தென்னாற்காடு மாவட்டத்தில் ஒரு கிராமத்து அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் ஊர் எல்லையில் இரண்டாம் உலகப் போரின்போது போட்ட விமான ஓடுதளம் ஒன்று சீமைக் கருவேல முள்ளுக்குள் புதைந்து கிடக்கிறது. அதன் ஓரத்தில் நீளமான ஓட்டுக் கட்டடம் ஒன்றும் இருக்கிறது. செங்கல்லைப் பெயர்த்து விற்பவர்கள் நடமாடுவதால் ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் அதை ‘லாயம்’ என்கிறார்கள். "கும்பினிப் படையின் குதிரை லாயம், 1868" என்று பலகை வைக்க ஊராட்சி முடிவு செய்திருக்கிறது. வாசகம் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. உண்மை எதுவென்று தெரியாமல் பிள்ளைகள் படிக்கும் பலகையை எழுத எனக்கு மனம் வரவில்லை.

கையில் இருப்பவை:

விழுந்து கிடக்கும் ஓடுகளில் மங்களூர்க் கம்பெனிப் பெயரும் 1868 என்ற எண்ணும் அச்சாகியிருக்கின்றன.

1890களில் அச்சான ஒரு மைலுக்கு ஓர் அங்குல வரைபடத்தின் நகல் கிடைத்தது. மூலைகளில் உள்ள தீர்க்கரேகை எண்களைக் கொண்டு அதைக் கூகுள் எர்த்தின் மேல் பொருத்தினேன். படை தங்கும் மைதானம் என்ற குறி, இந்தக் கட்டடத்தின் மேலேயே வந்து விழுகிறது.

ஆனால் அமெரிக்கப் படை 1950களில் வெளியிட்ட 1:2,50,000 தாளில் கட்டடமே இல்லை. இடையில் இடித்துவிட்டு மறுபடி கட்டினார்களா?

ஊர்ப் பெரியவர் ஒருவரின் வீட்டில் ஒரு புகைப்படமும் இருக்கிறது. நான்கு ஆட்கள், பின்னால் இந்தக் கட்டடம், ஓரத்தில் ஒரு விமானத்தின் பாதி. தேதி இல்லை. எதை நம்புவது?

செம்மண்சூளை:

ஓட்டை முதலில் ஒதுக்கி வையுங்கள், அம்மா. மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865-இல். அதைப் பின்பற்றி ஆல்புகர்க் அண்ட் சன்ஸ் 1868-இல் வந்தது. நீங்கள் பார்த்த எண் பெரும்பாலும் அந்த நிறுவனம் தோன்றிய ஆண்டு. அதே எண்ணைப் பொறித்த ஓடுகளைப் பல பத்தாண்டுகள் விற்றார்கள். அந்த ஓடு முதலில் இந்தக் கூரைக்குத்தான் வந்ததா என்பதும் தெரியாது. பழைய ஓட்டை இறக்கி வேறு கூரையில் ஏற்றுவது எங்கும் நடப்பது. இந்த ஓடு போட்ட கூரை 1868-க்கு முன்பு இல்லை என்று சொல்ல மட்டும் ஓடு உதவும்.

தவிர, கும்பினி ஆட்சி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி, 1858-இலேயே முடிந்து எல்லாம் அரசியின் ஆட்சிக்குப் போய்விட்டது. பலகை வாசகம் அங்கேயே அடிபடுகிறது.

சங்கிலியளவு (ஓய்வு பெற்ற நில அளவர்):

வணக்கம் அம்மா. இரண்டு வரைபடங்களையும் தனித்தனியாகப் பார்ப்போம். உங்கள் குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

முதலில் 1890கள் தாள். அக்காலத்து இந்திய வரைபடங்களின் தீர்க்கரேகைகள் நம் சென்னை வான் ஆய்வகத்துக்குக் கொடுத்திருந்த பழைய மதிப்பை வைத்தே கணக்கிடப்பட்டவை. பிற்பாடு தந்தி மூலம் நேரத்தை ஒப்பிட்டு அளந்தபோது, அந்த மதிப்பு 2 நிமிடம் 27 விநாடி அதிகம் என்று தெரிந்தது. 1905 வாக்கில்தான் அளவைத் துறை அதைத் திருத்தியது. பல தாள்களின் ஓரத்தில் இந்தத் திருத்தத்தைக் கழிக்கச் சொல்லி ஒரு குறிப்பு இருக்கும். பொடி எழுத்து, யாரும் படிப்பதில்லை. நம் அட்சரேகையில் 2 நிமிடம் 27 விநாடி என்பது ஏறத்தாழ நாலரை கிலோமீட்டர். மூலை எண்களை அப்படியே நம்பிப் பொருத்தினால் தாள் முழுவதும் அவ்வளவு தூரம் கிழக்கே நகர்ந்துவிடும். உங்கள் மைதானக் குறியின் உண்மையான இடம் கட்டடத்துக்கு மேற்கே நாலரை கிலோமீட்டரில் இருக்க வேண்டும். ஏரிக்கரை, பழைய கோயில் குளம், சாலைச் சந்திப்பு என்று அசையாத நான்கைந்து இடங்களைத் தேர்ந்து மறுபடி பொருத்திப் பாருங்கள்.

திருத்தத்துக்குப் பிந்திய தாள்களிலும் கொஞ்சம் விலகல் இருக்கும். அவை எவரெஸ்ட் கோளவுருவை, அதாவது பூமியின் வடிவத்துக்கு அக்காலத்தில் வைத்துக்கொண்ட கணக்கை, அடிப்படையாகக் கொண்டவை. கூகுள் வேறு அடிப்படை. நூறு மீட்டருக்கு மேல் தள்ளும். கட்டடம் ஒன்றைத் தேடும்போது நூறு மீட்டர் பெரிய விஷயம்.

படை தங்கும் மைதானம் என்பது பெருஞ்சாலை ஓரத்தில், அணிவகுத்துப் போகும் படை இரவில் கூடாரம் அடிக்க ஒதுக்கிய வெட்டவெளி. கிணறும் தோப்பும் இருந்தால் போதும். அந்தக் குறி கட்டடம் இருந்ததற்குச் சாட்சி ஆகாது.

இனி 1950கள் தாள். 1:2,50,000 அளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 250 மீட்டர். முப்பது மீட்டர் நீளமுள்ள கட்டடத்தை அதில் வரைவதென்றால் மயிரிழை அளவுதான் வரும். ஆகவே அது இல்லாததில் எந்தச் செய்தியும் இல்லை. இடித்ததாகவோ மீண்டும் கட்டியதாகவோ பொருளில்லை. இன்னொன்று: அந்தத் தாள்களுக்குப் புதிதாக நிலம் அளக்கவில்லை, பழைய இந்தியத் தாள்களிலிருந்து தொகுத்தார்கள். எந்த ஆண்டு அளவை என்பதைக் கீழ் ஓரத்தில் பாருங்கள். வரைபடத்துக்கு அளந்த ஆண்டு, திருத்திய ஆண்டு, அச்சிட்ட ஆண்டு என்று மூன்று தேதிகள் உண்டு. காலம் கணிக்க முதல் இரண்டுதான் பயன்படும்.

உங்களுக்கு வேண்டியது கிராம வரைபடமும், ஒவ்வொரு சர்வே எண்ணின் எல்லைகளையும் தனியாகக் காட்டும் புலப்படமும். கிராம வரைபடம் ஒரு மைலுக்குப் பதினாறு அங்குலம். ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ நான்கு மீட்டர். புலப்படத்தில் சர்வே எண்ணின் உட்பிரிவுகளைப் பாருங்கள். போர்க்காலத்தில் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் நிலத்தை எடுத்திருந்தால், அந்த இடத்தில் உட்பிரிவு எல்லை ஓடுதளத்தை ஒட்டி வெட்டியிருக்கும். அதற்கு முந்தைய பதிவேட்டில் அதே எண் யாருடைய புஞ்சையாக இருந்தது என்பதும் தெரிந்துவிடும். வட்டாட்சியர் அலுவலகத்தில் முறைப்படி நகல் கேளுங்கள்.

ஒரு கேள்வி: கட்டடம் எதற்கு இணையாக நிற்கிறது? பழைய வண்டிப்பாதைக்கா, ஓடுதளத்துக்கா?

காட்டுக்கொல்லை:

அய்யா, மிக்க நன்றி. ஏரிக்கரையையும் கோயில் குளத்தையும் வைத்து மறுபடி பொருத்தினேன். மைதானக் குறி நீங்கள் சொன்னபடியே மேற்கே, நெடுஞ்சாலை ஓரம் போய்விட்டது. கட்டடம் ஓடுதளத்துக்கு இணையாக நிற்கிறது. வண்டிப்பாதை அதைக் கோணலாகக் கடக்கிறது.

வாசலுக்கு நேர் எதிரே தனியாக ஒரு தடித்த சுவர் இருக்கிறது. குதிரை கட்டிய சுவர் என்கிறார்கள். புகைப்படத்திலும் அந்தச் சுவர் தெரிகிறது. படத்தின் ஓரங்கள் ரம்பப் பல் போல வெட்டப்பட்டவை.

வெள்ளித்தாள்:

அந்தச் சுவரைப் பற்றிக் கேட்டதும் ஆவல் கூடிவிட்டது. கதவுக்கு எதிரே, கட்டடத்தோடு ஒட்டாமல் நிற்கும் தடித்த சுவர் என்றால் குண்டுச் சிதறல் உள்ளே பாயாமல் தடுக்கக் கட்டியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 1942 ஏப்ரலில் கொழும்பு, விசாகப்பட்டினம், காக்கிநாடா, திருகோணமலை எல்லாம் ஜப்பானிய விமானங்களின் குண்டுவீச்சுக்கு ஆளாயின. தென்னிந்தியக் கரையில் வான் தாக்குதல் பயம் உண்மையாக இருந்த காலம் அது.

ரம்பப் பல் ஓரம் 1930களிலிருந்து 60கள் வரை பொதுவாகக் காணப்பட்டது. அது அகலமான சல்லடை. விமானத்தைப் பாருங்கள். உடலிலோ இறக்கையிலோ வட்டச் சின்னம் தெரிகிறதா? நடுப்பகுதி கறுப்பாக இருக்கிறதா, வெளுப்பாகவா?

காட்டுக்கொல்லை:

உடலில் வட்டம் தெரிகிறது. வெளி வளையம் கருமை, நடு வெளுப்பு. நன்றாகத் தெரிகிறது.

வெள்ளித்தாள்:

அப்படியானால் உங்கள் படம் பேசிவிட்டது. பிரிட்டிஷ் விமானப் படையின் வழக்கமான சின்னத்தில் நடுவில் சிவப்பு வட்டம் இருக்கும். கறுப்பு வெள்ளைப் படத்தில் அது கருமையாக விழும். ஜப்பானியர்களின் சிவப்பு வட்டத்தோடு குழம்பித் தங்கள் விமானத்தையே சுட்டுவிடக் கூடாது என்பதற்காக, இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் 1942 நடுவிலிருந்து அந்தச் சிவப்பை நீக்கி, நடுவில் வெள்ளையோ வெளிர்நீலமோ பூசினார்கள். குடியரசான பிறகு வந்த மூவண்ணச் சின்னத்திலும் நடுவில் பச்சை உண்டு. அதுவும் வெளுப்பாக விழாது. ஆகவே படம் 1942 நடுப்பகுதிக்கும் போர் முடிந்த காலத்துக்கும் இடைப்பட்டது. அந்த இடைவெளியில் கட்டடமும் தடுப்புச் சுவரும் நின்றுகொண்டிருந்தன.

கரிசல்குளம்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். படத்தில் இருப்பது இதே கட்டடம்தான் என்பது உறுதியா? சோழவரம், உளுந்தூர்ப்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு என்று போர்க்கால ஓடுதளங்கள் நம் பக்கம் பல. ஒரே மாதிரி வரைவை வைத்துப் பல இடங்களில் கட்டியிருப்பார்கள். அந்தப் பெரியவர் வேறு ஊரில் வேலை பார்த்தபோது எடுத்த படமாகவும் இருக்கலாமே.

காட்டுக்கொல்லை:

நியாயமான கேள்வி. படத்தை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். இடமிருந்து மூன்றாவது காற்றுத் துவாரம் மற்றவற்றைவிட ஒரு செங்கல் வரிசை தாழ்வாக இருக்கிறது, படத்திலும் அப்படியே. அந்தத் துவாரத்துக்குக் கீழே படிக்கட்டின் உடைந்த மூலையும் பொருந்துகிறது. இதே கட்டடம்தான்.

ஆனால் இன்று கிழக்கே ஒட்டியிருக்கும் சிறு அறைகள் படத்தில் இல்லை.

சங்கிலியளவு:

துவாரத்தைக் கவனித்தீர்களே, அதுதான் சரியான முறை. மரமும் கூரையும் மாறிவிடும். சுவரில் கொத்தன் விட்ட கோணல் மாறாது.

கிழக்கு அறைகளுக்கு அமெரிக்காவின் கொரோனா உளவுத் துணைக்கோள் படங்களைத் தேடுங்கள். 1960 முதல் 1972 வரை எடுத்தவை, 1995-இல் பொதுவில் விடப்பட்டன. அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் முன்னோட்டம் இலவசம்; ஏற்கெனவே ஸ்கேன் செய்தவற்றை இறக்கிக்கொள்ளலாம். 1967-க்குப் பிந்திய படங்களில் இரண்டு மீட்டர் அளவுள்ள பொருள்வரை பிரித்தறியலாம். ஃபிலிம் பட்டையின் இரு ஓரங்களிலும் நிலம் இழுபட்டுத் தெரியும். முழுப் பட்டையையும் பொருத்த முயலாமல், ஓடுதளத்தைச் சுற்றி இரண்டு கிலோமீட்டரை மட்டும் வெட்டி எடுத்துப் பொருத்துங்கள். காலையிலோ மாலையிலோ எடுத்த படமாக இருந்தால் இன்னும் நல்லது. கூரை தெரியாவிட்டாலும் நிழல் தெரியும்.

காட்டுக்கொல்லை:

1970-ஆம் ஆண்டுப் படம் ஒன்று கிடைத்தது. நிழல் ‘ட’ வடிவில் விழுந்திருக்கிறது. கிழக்கு அறைகள் அப்போதே இருந்திருக்கின்றன.

பலகைக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: "போர்க்கால விமானத் தளத்தைச் சேர்ந்த கட்டடம். 1942–45 காலத்துப் புகைப்படத்தில் காணப்படுகிறது. கிழக்கு அறைகள் அதன் பின்னர், 1970-க்கு முன் சேர்க்கப்பட்டவை." சரியா?

சங்கிலியளவு:

சரி. ‘கட்டப்பட்டது’ என்று எழுதாமல் ‘காணப்படுகிறது’ என்று எழுதியதை மாற்றச் சொன்னால் மாற்றாதீர்கள். எதற்கு முன் கட்டினார்கள் என்பது நமக்குத் தெரியும். எப்போதிருந்து என்பதற்குப் புலப்படம் வர வேண்டும்.

காட்டுக்கொல்லை:

மனு கொடுத்துவிட்டேன். பலகையில் கீழே இரண்டு வரிக்கு இடம் விடச் சொல்லியிருக்கிறேன். நகல் வந்ததும் உட்பிரிவு எண்களை இங்கே எழுதுகிறேன். படிக்க உதவுங்கள் அய்யா.