ஏசிஎல் சத்திரசிகிச்சைக்குப் பிறகு முழங்காலில் கட்டும் சென்சர் தேவையா?

வெள்ளவத்தை வாசன்:
பந்து விளையாடப் போய் தம்பிக்கு ஏசிஎல், அதாவது முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைக்கும் லிகமென்ட், அறுந்துவிட்டது. தொடையின் பின்பக்கத் தசைநாணை எடுத்து அதன் இடத்தில் வைத்துச் சத்திரசிகிச்சையும் முடிந்தது. கனடாவில் இருக்கும் மாமா ஒரு சென்சர் செட் வாங்கி அனுப்புகிறேன் என்கிறார். தொடையில் ஒன்று, முழங்காலுக்குக் கீழே ஒன்று கட்டினால் கால் எத்தனை பாகை மடங்குகிறது என்று போனில் காட்டும். நான் வேண்டும் என்கிறேன். பிசியோவைக் கிழமைக்கு ஒரு தரம்தான் பார்க்கிறான். மற்ற நாட்களில் வீட்டில் என்ன செய்கிறான் என்று யார் பார்ப்பது?

தெஹிவளை பிசியோ:
வேண்டாம் தம்பி. அந்தக் காசில் இன்னும் சில தரம் பிசியோவிடம் கூட்டிப் போங்கள். முதல் கிழமைகளில் முக்கியமானது காலை முழுதாக நீட்ட முடிவதுதான். கடைசி சில பாகை நீளாமல் நின்றுவிட்டால் நொண்டலும் முழங்காலின் முன்பக்க வலியும் இழுத்துக்கொண்டே போகும். தோலும் தசையும் அசையும்போது பட்டியில் இருக்கும் சென்சரும் நகரும். பிழை வருவதும் அந்தச் சில பாகையில்தான்.

வீட்டில் பார்க்க ஸ்கேல் போதும். கட்டிலில் குப்புறப் படுத்து, முழங்காலுக்குக் கீழே கால்களை வெளியே தொங்கவிடச் சொல்லுங்கள். இரண்டு குதிகாலுக்கும் உயர வித்தியாசம் எவ்வளவு? ஒரு சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய ஒரு பாகை குறைகிறது.

வெள்ளவத்தை வாசன்:
அக்கா, ஸ்கேல் விஷயம் நல்லது, இன்றைக்கே பார்க்கிறேன். ஆனால் “இன்னும் சில தரம்” என்பது லேசான காரியம் இல்லை. பின்னேரக் காலி வீதி நெரிசலில், ஊன்றுகோலோடு த்ரீவீலரில் காலை மடக்கி வைத்துக்கொண்டு போய் வந்தால் அன்று இரவே முழங்கால் வீங்குகிறது. பிசியோவுக்குப் பதிலாகச் சென்சர் என்று நான் சொல்லவில்லை. நடுவில் இருக்கும் நாட்களுக்குத்தான் கேட்கிறேன்.

கொட்டாஞ்சேனை கோலி:
எனக்கும் இதே சத்திரசிகிச்சை நடந்தது. எந்தக் கருவி என்பதைப் பிரித்துப் பேசுங்கள். கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்ச் இதற்கு உதவாது. நொண்டி வைத்த அடியையும் அது அடியாகத்தான் எண்ணும். அந்த எண்ணிக்கையைத் துரத்தினால் வீக்கம்தான் மிச்சம்.

தொடையில் ஒட்டித் தசையின் மின்சாரத்தைக் காட்டும் ஈஎம்ஜி வேறு ரகம். வீக்கம் இருக்கும்வரை முன்தொடைத் தசை இறுகச் சொன்னாலும் இறுகாது. மூட்டிலிருந்து போகும் சைகையே அதைத் தடுத்துவிடும். திரையில் கோடு ஏறுவதைப் பார்த்த பிறகுதான் எந்த இடத்தை இறுக்க வேண்டும் என்று எனக்குப் பிடிபட்டது.

தெஹிவளை பிசியோ:
ஈஎம்ஜியை நான் மறுக்கவில்லை. தசைக்கு மின்தூண்டல் கொடுப்பதும் பலன் தரும். எனக்குப் பயம் மூன்று, நான்கு மாதத்தில். அப்போது வலி இருக்காது. ஆப் பச்சை நிறம் காட்டும். பையன் மைதானத்துக்கு ஓடிவிடுவான். உள்ளே வைத்த நாணோ முதல் மாதங்களில் பலம் குறைந்து, பிறகு மெல்ல மெல்லத்தான் லிகமென்டாக மாறுகிறது. அந்த முதிர்ச்சியை எந்தப் பட்டியும் காட்டாது. நோயாளிகளைப் பின்தொடர்ந்து, டெலவெயர்-ஒஸ்லோ ஆய்வு என்ற பெயரில் 2016இல் வெளிவந்ததைப் பாருங்கள்: ஒன்பது மாதம் வரை விளையாட்டைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாய வீதம் 51% குறைந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. மடங்கும் பாகை வேறு, பலம் வேறு. நல்ல காலின் பலத்தில் 90 வீதமாவது வர வேண்டும் என்று பார்க்கிறோம். அதைக்கூட அப்படியே நம்ப முடியாது, ஓய்வில் நல்ல காலும் மெலிந்திருக்கும்.

வெள்ளவத்தை வாசன்:
நீங்கள் சொல்வது எப்போது விளையாடலாம் என்ற கேள்வி அக்கா. அதை ஆப்பிடம் யாரும் கேட்கப் போவதில்லை, ஒன்பது மாதத்துக்கு முன் அவன் பூட்ஸ் போடவும் நான் விட மாட்டேன். என் கவலை இந்த மாதத்தைப் பற்றியது. பயிற்சி செய்தாயா என்றால் “ம்” என்கிறான். அம்மாவுக்கு அவன் வலியில் முகம் சுளிப்பதைப் பார்க்க முடியவில்லை, போதும் விடு என்று எழுப்பிவிடுகிறார். ஒரு பதிவு இருந்தால் அடுத்த கிளினிக்கில் பிசியோ அதைப் பார்த்துப் பேசலாமே.

தெஹிவளை பிசியோ:
பிசியோ பார்ப்பார் என்றால் சரி. பார்க்க ஆளில்லாத பதிவால் பலன் இல்லை. முதலில் அவரிடம் கேளுங்கள், மாமா அதற்குப் பிறகு அனுப்பட்டும். எது வந்தாலும் காலையும் இரவும் வீக்கத்தைப் பாருங்கள். வீக்கம் கூடினால் ஆப் என்ன சொன்னாலும் அன்றைய பயிற்சியைக் குறையுங்கள். கெண்டைக்காலில் வலியோடு வீக்கம் வந்தால், சூடாகவும் இருந்தால், உடனே வைத்தியரிடம் போங்கள். அது இரத்தக்கட்டியாக இருக்கலாம்.

கொட்டாஞ்சேனை கோலி:
வாசன், அவனுக்கு ஈஎம்ஜி பொருந்துமா என்றும் அதே நாளில் கேட்டுவிடு. என் வாக்கு இன்னும் அதற்குத்தான்.